விசுவாசமும் வெப்பமானியும்



நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒருநாள் மாலை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்தான். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிறுதோறும் தவறாமல் ஆலயத்துக்குச் செல்பவன். அரையாண்டுத் தேர்வில், பூமி வெப்பமடைவதற்கான காரணங்களை விளக்குமாறு கேட்ட வினாவுக்கு அவன் குறை காணமுடியாத விடை எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்றிருந்தான். பாராட்டுப் பெற வந்திருக்கிறான் என்று எண்ணினேன். அவன் சொன்னதோ வேறு.

"ஐயா, மார்க்குக்காக எழுதினேன், நம்பி எழுதவில்லை. மழையும் வெயிலும் ஆண்டவர் கையில் இருக்கின்றன என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதன் அவற்றை மாற்றிவிட முடியும் என்று நம்பினால் அது பாவம் ஆகாதா?" என்று கேட்டான்.

"தேர்வுத் தாளில் பாடத்தை எழுது, ஆலயத்தில் ஜெபத்தைச் சொல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, தம்பி" என்றேன். அவன் வணங்கிவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பின்னர் என் மனம் அமைதி கொள்ளவில்லை. நான் சொன்னது விடையன்று. வினாவிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழி. பள்ளியில் ஒன்றும் ஆலயத்தில் மற்றொன்றும் பேசும்படி ஒரு பிள்ளைக்கு நானே கற்றுக்கொடுத்துவிட்டேன் அல்லவா? அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்கள்முன் சொல்ல முயல்கிறேன். வெறும் வாதமாகச் சொல்லாமல், இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்ட ஒருவரின் வரலாற்றைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சர் ஜான் ஹௌட்டன்.

முதலில் விஞ்ஞானம் கூறுவது யாதெனச் சுருக்கமாகக் காண்போம். கதிரவனின் ஒளி வளிமண்டலத்தைக் கடந்து வந்து நிலத்தையும் கடலையும் வெப்பமூட்டுகிறது. வெப்பமடைந்த பூமி அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் பிராணவாயுவும் அக்கதிர்களைத் தடுப்பதில்லை. நீராவியும் கரியமில வாயுவும் அவற்றில் ஒரு பகுதியை உறிஞ்சிக் கொள்கின்றன. இவ்வாயுக்கள் அறவே இல்லையெனில் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகை செல்சியஸாக இருந்திருக்கும். இவை போர்வைபோல் மூடி நிற்பதாலேயே அது ஏறத்தாழ 15 பாகையாக இருந்து, பயிரும் உயிரும் தழைக்கின்றன.

ஆகவே போர்வை தீயதன்று. அதன் கனம் மிகுவதே தீங்கு. சில வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சும் இயல்பினை 1859ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். கரியமில வாயு பெருகினால் பூமியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை 1896ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் கணக்கிட்டார். 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌன லோவா மலையில் சார்லஸ் கீலிங் அவ்வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது, காற்றின் 10 லட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர் 280 பங்காக இருந்தது, 2024ஆம் ஆண்டில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் எரிப்பதே இப்பெருக்கத்தின் தலையாய காரணம். 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டின் சராசரி வெப்பநிலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைக் காட்டிலும் ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது.

"கதிரவனே சூடு மிகுந்துவிட்டான் என்று கொள்ளலாகாதா?" என்று சிலர் கேட்பர். நல்ல கேள்விதான். கதிரவன் காரணமாயின் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும். காண்பதோ கீழே வெப்பம் உயர்வதும், மேலே உள்ள அடுக்கு குளிர்வதும் ஆகும். கரியமில வாயு மிகுந்தால் இப்படித்தான் நிகழும் என்பது பௌதிக விதிகளால் பெறப்படுவது. இத்தகைய உயரமான அடுக்குகளின் வெப்பத்தை விண்ணிலிருந்து அளக்கும் கலையை வளர்த்தவர்களுள் ஒருவரே நாம் பேச எடுத்துக்கொண்ட ஹௌட்டன்.

ஜான் ஹௌட்டன் 1931ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் டைசெர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வரலாற்று ஆசிரியர். கிறிஸ்தவ விசுவாசம் ஆழமாக வேரூன்றிய இல்லம் அது. ஆக்ஸ்போர்டில் பௌதிகம் பயின்று, 1976ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்திலேயே வளிமண்டலப் பௌதிகப் பேராசிரியரானார். 1970ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஏவிய நிம்பஸ் 4 என்னும் செயற்கைக் கோளில் அவரும் அவருடைய தோழர்களும் அமைத்த கருவியொன்று இடம்பெற்றது. காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை அது அளக்கும்; அவ்வளவைக் கொண்டு அந்தந்த உயரத்தில் நிலவும் வெப்பநிலையை அறியலாம். அக்கதிர்களைப் பிரித்தறியக் கருவிக்குள்ளேயே கரியமில வாயு அடைத்த சிறு கலங்களை வைத்தனர். பூமியைப் போர்த்தும் வாயுவே பூமிக்கு வெப்பமானியாகவும் பயன்பட்டது!

வெப்பமானி அளப்பவனின் மதத்தைப் பார்ப்பதில்லை. ஹௌட்டன் ஜெபம் செய்துவிட்டுப் பார்த்தாலும், கடவுள் நம்பிக்கையே இல்லாத அவருடைய தோழர் பார்த்தாலும், கருவி காட்டும் எண் ஒன்றே. இதனை ஹௌட்டன் நன்கறிந்தவர். தம் விசுவாசத்தைக் கொண்டு எண்ணைத் திருத்த அவர் ஒருபோதும் முற்படவில்லை. இயற்கை விதிகள் இறைவனுக்குப் போட்டியாக நிற்பவை அல்ல, அவர் உலகை நடத்தும் ஒழுங்கே அவை என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின், எண்ணை மறைப்பது அவ்வொழுங்கையே மறைப்பதாகும். ஆதலால் அவருக்கு அளவில் உண்மையாயிருப்பதும் வழிபாட்டில் உண்மையாயிருப்பதும் வேறுவேறல்ல.

1983ஆம் ஆண்டில் அவர் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் தலைவரானார். அப்பதவியில் அவருக்கு ஒரு கடும் சோதனை காத்திருந்தது. 1987ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இரவும் மறுநாள் விடியலிலும் தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. பிரிட்டனில் 18 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1½ கோடி மரங்கள் சாய்ந்தன. புயலின் கடுமையை அலுவலகம் முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விசாரணை நடைபெற்றது. மேற்கே கடற்பரப்பில் போதிய அளவீடுகள் கிடைக்காமையும், கணக்கிடும் முறையில் இருந்த குறையும் காரணங்கள் எனத் தெரிந்தன. அவற்றைத் திருத்தும் பணி தொடங்கிற்று. தவறே செய்யாதது விஞ்ஞானம் என்று யாரேனும் உங்களிடம் கூறினால் நம்பாதீர்கள். தன் தவறைத் தேடிக் கண்டு திருத்திக்கொள்வதே அதன் பெருமை.

"மறுநாள் புயலைச் சொல்லத் தவறியவர்கள் நூறாண்டுக்குப் பின் வருவதை எப்படிச் சொல்ல முடியும்?" என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். இதற்கு என் பழைய வருகைப் பதிவேட்டைக் கொண்டே விடை கூறுவேன். நாளைக்கு எந்த மாணவன் பள்ளிக்கு வரமாட்டான் என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் அடைமழைக் காலத்தில் வராதோர் தொகை மிகும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். முன்னது வானிலை, பின்னது தட்பவெப்பநிலை. ஒருநாளைய நிகழ்ச்சி வேறு, நெடுங்காலச் சராசரி வேறு.

1988ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சார்பில், தட்பவெப்பநிலை மாற்றத்தை ஆராய்வதற்கென உலக அரசாங்கங்களின் குழு ஒன்று நிறுவப்பட்டது. அக்குழு தானே புதிய ஆராய்ச்சி செய்வதில்லை. உலகெங்கும் வெளியாகும் ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்து, எது உறுதி, எது ஐயம் எனப் பகுத்துரைக்கும். அதன் விஞ்ஞானப் பிரிவின் தலைமைப் பொறுப்பை 2002 வரை வகித்தவர் ஹௌட்டன். 1990, 1995, 2001 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதல் மூன்று பேரறிக்கைகளும் அவர் பார்வையில் உருவானவை.

1995ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் அறிக்கைச் சுருக்கத்தை வரிவரியாக ஒப்புக்கொள்ளும் கூட்டம் நடந்தது. எண்ணெய் வளம் மிக்க சில நாடுகளின் பிரதிநிதிகள் பல சொற்களை ஏற்க மறுத்தனர். பூமி வெப்பமடைவதில் மனிதனின் பங்கு எத்தகையது என்று குறிக்கும் ஓர் அடைமொழிக்காக நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. மிகவும் வலிய சொல்லைப் போட்டால் சான்று தாங்காது. மிகவும் மெலிய சொல்லைப் போட்டால் சான்றை மறைத்ததாகும். கடைசியில், மனிதனின் பங்கு கண்டறியத்தக்க அளவில் இருக்கிறது என்னும் பொருள்பட ஒரு சொல்லை அனைவரும் ஒப்புக்கொண்டனர். சான்று எவ்வளவோ அவ்வளவே சொல்; கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. கட்டுரை எழுதும் நீங்கள் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளத்தக்க பாடம் இது. இக்குழு 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் ஆல் கோருடன் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

இனி, விசுவாசத்தின் பக்கம் எழும் வினாக்களுக்கு வருவோம். அவை இரண்டு, ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதலாவது, என் மாணவன் கேட்டது. பெருவெள்ளம் வடிந்தபின், பூமி உள்ளளவும் விதைப்பும் அறுப்பும் கோடையும் மாரியும் ஒழிவதில்லை என்று இறைவன் வாக்களித்ததாக ஆதியாகமம் கூறுகிறது. ஆகவே தட்பவெப்பநிலையை மனிதன் கெடுக்கவே முடியாது என்று அமெரிக்காவில் அரசியல்வாதிகள் சிலரும் போதகர்கள் சிலரும் வாதிட்டுள்ளனர். நான் வேத விற்பன்னன் அல்லேன். ஆயினும் ஒரு வாசகன் என்னும் முறையில் இரண்டு செய்திகளைக் காண்கிறேன். பருவங்கள் ஒழியமாட்டா என்பது வாக்குறுதி; அப்பருவங்களில் மனிதன் விளைவிக்கும் கேடு அவனைச் சேராது என்பது அவ்வாக்குறுதியில் இல்லை. தண்ணீர் இறைவன் தந்த கொடை என்று நம்புகிறவனும் கிணற்றில் நஞ்சைக் கொட்டினால் நீர் கெடும் என்பதை மறுப்பதில்லை. மேலும், அதே வரலாற்றில் நோவா என்பவர் யார்? வரப்போகும் வெள்ளத்தைப் பற்றிய எச்சரிக்கையைக் கேட்டு, மரம் வெட்டிப் பேழை கட்டியவர். எச்சரிக்கையைச் செவிமடுத்தவரின் கதையைக் காட்டி எச்சரிக்கையைத் தள்ளுவது பொருந்துமா?

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் குற்றச்சாட்டு. 1967ஆம் ஆண்டில் லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். மனிதன் உலகை ஆண்டுகொள்ளப் படைக்கப்பட்டவன் என்ற மேலைக் கிறிஸ்தவச் சிந்தனையே இயற்கையின் இன்றைய அழிவுக்கு வேர் என்று அவர் வாதிட்டார். ஆயின் அவரே அக்கட்டுரையின் முடிவில், பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்பாகக் கருதிய அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸை இயற்கையைப் பேணுவோரின் காவலராகக் கொள்ளலாம் என்று கூறினார். 1979ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவ்வாறே அறிவித்தார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆளுகையைப் பேசுமாயின், இரண்டாம் அதிகாரம் மனிதனைத் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்ததாகப் பேசுகிறது. ஹௌட்டன் விரும்பி எடுத்துக்காட்டியது இந்தத் தோட்டக்காரனின் உவமையையே. தோட்டம் தோட்டக்காரனின் சொத்தன்று. கணக்குக் கேட்பவர் ஒருவர் உண்டு என்பது இதன் கருத்து.

இங்கே விசுவாசம் விஞ்ஞானத்துக்குச் செய்யும் உதவி எது என்பது விளங்கும். கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்பதை விஞ்ஞானம் கணக்கிடும். வங்காள தேசத்தின் தாழ்ந்த கழிமுகத்தில் வாழும் ஏழைக் குடியானவன் தான் எரிக்காத நிலக்கரிக்காகத் தன் வயலை இழப்பது நியாயமா என்ற கேள்விக்கு எந்த வெப்பமானியும் விடை தராது. பிறனை நேசி என்று கற்பிக்கும் மார்க்கம் அதற்கு விடை தரவேண்டும். செல்வ நாடுகள் மிகுதியாக எரித்தன. துன்பம் மிகுதியாக ஏழை நாடுகளைச் சாரும். இந்த அநீதியை ஹௌட்டன் மேடைதோறும் எடுத்துரைத்தார்.

2002ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் விஞ்ஞானிகளையும் கிறிஸ்தவத் தலைவர்களையும் ஒருங்கே அழைத்து அவர் ஒரு மாநாடு கூட்டினார். அமெரிக்க சுவிசேஷ சபைகளின் தேசிய சங்கத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் சிசிக் என்பவர் ஐயத்தோடு வந்தார். ஹௌட்டன் சான்றுகளை முறைப்படி விளக்கக் கேட்டு மனம் மாறினார். மதமாற்றத்துக்கு நிகரான மாற்றம் அது என்று அவரே பின்னர் கூறினார். 2006ஆம் ஆண்டில் சுவிசேஷ சபைத் தலைவர்கள் 86 பேர் கூடிக் கையொப்பமிட்டு, தட்பவெப்பநிலை மாற்றம் உண்மை, அதைத் தடுப்பது கிறிஸ்தவர் கடமை என்று அறிக்கை வெளியிட்டனர்.

எல்லோரும் இதற்கு இணங்கினர் என்று சொல்லமாட்டேன். 2007ஆம் ஆண்டில் செல்வாக்கு மிக்க தலைவர்கள் சிலர் சிசிக்கை அடக்கிவைக்கும்படி சங்கத்துக்குக் கடிதம் எழுதினர். சங்கம் அதற்கு இணங்கவில்லை. அவர் 2008ஆம் ஆண்டில் பதவி விலகியது வேறொரு விஷயம் பற்றி. இறைவன் படைத்த பூமி தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் வலிமை உடையது என்றும், எரிபொருளைக் கட்டுப்படுத்தினால் ஏழைகளே துன்புறுவர் என்றும் எதிர்த்தரப்பினர் கூறினர். இவற்றுள் முதலாவது அளந்து பார்த்து முடிவு செய்யவேண்டிய செய்தி. அளவைகள் அதற்கு ஆதரவாக இல்லை. இரண்டாவது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏழையின் அடுப்பு அணையாமல் புகைபோக்கிகளின் புகையைக் குறைப்பது எங்ஙனம் என்பது நேர்மையான கேள்வி. அதற்கு வழிகாண வேண்டுமேயன்றி, அதைச் சாக்காகக் கொண்டு சான்றை மறுத்தல் ஆகாது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இக்குரல் எழுந்தது. இளமையில் ரசாயனம் பயின்றவரான போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். விஞ்ஞானிகளின் முடிவை ஏற்று, பூமியின் ஓலமும் ஏழையின் ஓலமும் ஒன்றே என்பதை அவர் அதில் வலியுறுத்தினார். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் கேதரின் ஹேஹோ என்னும் அம்மையார் தட்பவெப்பநிலை விஞ்ஞானி. அவர் கணவர் ஒரு போதகர். மணமான புதிதில் கணவர் இவ்விஞ்ஞானத்தை நம்பவில்லை. வீட்டிலேயே சான்றுகளை வைத்து நெடுநாள் வாதாடி, இருவரும் ஒருமனப்பட்டு, 2009ஆம் ஆண்டில் விசுவாசிகளுக்கென ஒரு நூலையும் சேர்ந்து எழுதினர். வாதம் வேறு, பகை வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஹௌட்டன் முதுமையில் வேல்ஸ் கடற்கரையில் வாழ்ந்து, தம் ஊர்ச் சபையில் மூப்பராகவும் தொண்டு செய்தார். உலகைப் பெருந்தொற்று சூழ்ந்த 2020ஆம் ஆண்டில், ஏப்ரல் 15ஆம் நாள், அந்நோயினாலேயே தம் 88ஆம் வயதில் காலமானார்.

மாணவ நண்பர்களே! நான் சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். என்ன நிகழ்கிறது என்பதை அளந்து அறியவேண்டும். அங்கே விசுவாசம் எண்ணைத் திருத்தலாகாது. அறிந்தபின் என்ன செய்யக் கடமைப்பட்டோம் என்பதை மனச்சான்று சொல்லவேண்டும். அங்கே வெப்பமானி வாய்திறவாது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்து, ஒன்றுக்காக மற்றொன்றைப் பொய்யாக்காமல் வாழமுடியும் என்பதை ஹௌட்டனின் வாழ்வு காட்டுகிறது. எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், எச்சமயத்தையும் சாராதவராயினும், இது உங்களுக்கும் பொருந்தும்.

அன்று என் அறைக்கு வந்த மாணவன் இந்நேரம் வளர்ந்து பெரியவனாகியிருப்பான். அவன் கேட்கும் தொலைவில் இருப்பானாயின் அவனுக்குச் சொல்வேன்: "தம்பி, உன் கேள்விதான் சரியானது, என் விடையே தவறானது. உண்மையை ஒப்புக்கொள்வது பாவம் ஆகாது. நீ எழுதிய விடையை இனி நம்பியே எழுதலாம். அதன்பின் ஜெபமும் செய்யலாம். எழுந்து, செய்யவேண்டியதையும் செய்."